நின்ற இடத்தில் தின்பவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த ஒன்றரை வருடமாக ஒரு பலகாரப் பொட்டலம்கூட நான் வீட்டுக்கு வாங்கி வந்ததில்லை. தின்பதில்லை என்று அர்த்தமில்லை. எதை எங்கே செய்கிறார்களோ அங்கேயே போய், நின்று, தின்று, கையைக் கழுவிவிட்டு வந்துவிடுவேன். இது வெளியே தெரிந்த நாளிலிருந்து மச்சினர், மைனி, ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள், வாக்கிங் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இப்படி எழுதி வைத்துவிட்டால், "அதைப் படிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று தப்பித்துக்கொள்ளலாம்.

இந்தக் கிறுக்கு எப்போ பிடிச்சுது?

ஒரு ரத்தப் பரிசோதனையில். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. நூறுக்குள் இருக்க வேண்டும். 126-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி என்று பெயர் வைத்துவிடுவார்கள். நான் நடுவில். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க இப்ப பார்டர்ல இருக்கீங்க" என்றார்.

திருநெல்வேலிக்காரனிடம் இந்த வார்த்தையைச் சொல்லலாமா? பார்டர் என்றதும் என் மனசு செங்கோட்டைக்கு முன்னால் இருக்கிற பிரானூருக்குப் போய்விட்டது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் மலையாளத்துப் பக்கம், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அப்போது எல்லை பிரானூரில். செங்கோட்டை நம்மோடு சேர்ந்ததும் எல்லை மேற்கே புளியரைக்கு நகர்ந்தது. 'பார்டர்' என்ற பெயர் மட்டும் நகரமாட்டேன் என்று அங்கே இருக்கிற புரோட்டாக் கடைகளின் கல்லிலேயே ஒட்டிக்கொண்டது. டாக்டர் நார்ச்சத்து பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாட்டுக்கோழிச் சால்னாவில் இருந்தேன். "புரிஞ்சுதா சார்?" என்றார். "நல்லாப் புரிஞ்சுது" என்றேன்.

சரி, விதிதான் என்ன?

செய்கிற ஊரில், செய்கிற இடத்தில் தின்ன வேண்டும். அங்கே பஸ்ஸிலோ ரயிலிலோ நடந்தோதான் போக வேண்டும், பைக் ஆகாது. பார்சல் கிடையாது.

பார்சல் மேல அப்படி என்ன கோபம்?

கோபம் பார்சல் மேல் இல்லை, ராத்திரி பதினோரு மணிக்கு அடுக்களைக்குள் போகிற ஒரு ஆள் மேல். அந்த ஆள் நான்தான்.

அரைக் கிலோ அல்வா வாங்கி வருவோம். வீட்டில் மூன்று பேர். ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டு மிச்சத்தை பிரிட்ஜில் வைப்பாள் என் மனைவி. தண்ணீர் குடிக்கிற சாக்கில் போவேன். பிரிட்ஜைத் திறந்தால் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நெய் உறைந்து கிடக்கும். ஸ்பூன் சத்தம் கேட்கும் என்று விரலாலேயே ஒரு வழி வழித்துக்கொள்வேன். ஓரம் ஒழுங்காக இல்லையே என்று இன்னொரு வழி. ஓரத்தை ஒழுங்கு பண்ணி ஒழுங்கு பண்ணியே மூன்று நாளில் கால் கிலோ போய்விடும். "எலி வந்துருக்கு போல" என்பாள் காலையில். பிரிட்ஜுக்குள் எலி எப்படிப் போகும் என்று நானும் கேட்டதில்லை.

கடையில் நின்று தின்றால் ஐம்பது கிராம், மிஞ்சினால் நூறு. சுற்றி நாலு பேர் பார்க்கிறார்கள். பின்னால் நிற்கிறவர் இடத்துக்காகக் காத்திருக்கிறார். விரலால் வழிக்க முடியாது. கட்டுப்பாடு என்று சொல்லிக்கொள்கிறோமே, அதில் பாதி வெட்கம்தான்.

அப்போ நின்னுக்கிட்டுத் தின்னா அல்வா உடம்புக்கு நல்லதா?

இல்லை. நின்றாலும் உட்கார்ந்தாலும் அல்வா அல்வாதான். "கோதுமைதானே, சப்பாத்தி மாதிரிதானே" என்று ஆறுதல் சொல்ல ஒரு நண்பர் இருக்கிறார். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, சக்கையை ஒதுக்கி, பாலைப் புளிக்க விட்டு, மேலே தெளிந்து நிற்கிற தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கியதைச் சர்க்கரையோடும் நெய்யோடும் மணிக்கணக்கில் கிண்டுகிறார்கள். டாக்டர் சொன்ன நார்ச்சத்து அந்தச் சக்கையோடு போய்விட்டது. அவர் வேண்டாம் என்று சொன்ன மூன்றும் சட்டியில் இருக்கின்றன.

இந்த ருசி தாமிரபரணித் தண்ணீரால்தான் வருகிறது என்று ஊரில் எல்லாரும் சத்தியம் பண்ணுவார்கள். நானும் பண்ணுவேன். ஆனால் சர்க்கரை அளவைக் குறைக்கிற சக்தி அந்தத் தண்ணீருக்கு இருப்பதாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

டவுனுக்கு நடந்தா போறீங்க? நெசமாவா?

முழுக்க இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து கொக்கிரகுளம் வரைக்கும் பஸ். கலெக்டர் ஆபீஸ் பக்கம் இறங்கி அங்கிருந்து நடை. சுலோசன முதலியார் பாலம், ஜங்ஷன், ஈரடுக்குப் பாலம், ஆர்ச், அப்புறம் நெல்லையப்பர் கோயில். என் வேகத்துக்கு ஒரு மணி நேரம்.

இதில் எனக்குப் பிடித்த இடம் சுலோசன முதலியார் பாலம். 1843-இல் கட்டியது. அதற்கு முன்னால் பாளையங்கோட்டைக்காரனுக்கு டவுனில் ஒரு காரியம் என்றால் பரிசலையோ ஓடத்தையோ நம்பித்தான் ஆற்றைத் தாண்ட வேண்டும். முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டினார். அவர் மட்டும் கட்டாமல் இருந்திருந்தால் அல்வாவுக்கு ஓடம் ஏற வேண்டியிருந்திருக்கும், என் சர்க்கரை இன்னும் குறைந்திருக்கும். அந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்கு லேசான வருத்தம் உண்டு. பாலத்து நடுவில் நின்றால் ஆற்றுக்குள் தைப்பூச மண்டபம் தெரியும். சாயங்காலக் காற்று சும்மா வராது, ஆற்றை அள்ளிக்கொண்டு வரும். பத்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நகர்வேன்.

கோயில் பக்கத்தில் அல்வா விற்கிற இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். வரிசை இருக்கும். வரிசையில் நிற்பதும் உடற்பயிற்சியில் சேருமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அரை மணி நேரம் நடந்தால் நூறு, நூற்றைம்பது கலோரி செலவாகும். நூறு கிராம் அல்வா அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும். இந்தக் கணக்கு எனக்கும் தெரியும். என்னிடம் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி யாரும் சொல்ல வேண்டாம்.

கருப்பட்டி சுகரை ஏத்தாதுன்னு சொல்றாங்களே?

ஏற்றும். பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. அதில் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சர்க்கரைதான். உடன்குடிக் கருப்பட்டியின் வாசத்துக்காக, அந்த லேசான புகை ருசிக்காகக் கருப்பட்டிக் காப்பி குடியுங்கள், நானும் குடிக்கிறேன். மருந்து என்று சொல்லிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு தம்ளர் குடிக்காதீர்கள். என் மச்சினர் அப்படித்தான் குடித்தார். இப்போது அவரும் பார்டரைத் தாண்டி புளியரைக்குப் போய்விட்டார்.

பதநீர்?

இந்த விதியை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே பதநீர்தான்.

கோடையில் திசையன்விளைப் பக்கம் போனால் காலையில் ரோட்டோரத்தில் கிடைக்கும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டுவதால்தான் அது கள்ளாகாமல் பதநீராக இறங்குகிறது. பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள், நுங்கும் சீவிப் போடச் சொல்லலாம். முன்பு ஒரு தடவை ஆசைப்பட்டு இரண்டு லிட்டர் பாட்டிலில் வாங்கி வந்தேன். வெயிலில் பஸ் வள்ளியூர் தாண்டுவதற்குள் பாட்டில் உப்பத் தொடங்கிவிட்டது. மூடியைத் திறந்ததும் பக்கத்து சீட்டு ஆச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏலே, பஸ்ஸுக்குள்ள வச்சு இதென்ன குடி?" என்றாள். பேரப்பிள்ளை வயசில்லை எனக்கு, ஆனாலும் 'ஏலே'தான். விளக்கம் சொல்ல முடியவில்லை. நாங்குநேரியில் இறங்கிக் கொட்டினேன்.

சில பொருள்களுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது. பதநீர் அதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். அல்வா சொல்லாது, கமுக்கமாகக் கூடவே வந்து பிரிட்ஜில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு ரம்புட்டானுக்காகக் குற்றாலம் வரைக்குமா?

ரம்புட்டானுக்காக மட்டும் யார் போவார்கள்? மங்குஸ்தானும் இருக்கிறது.

ஆனி, ஆடியில் சாரல் தொடங்கினால் என்னை வீட்டில் கட்டி வைக்க முடியாது. காலையில் செங்கோட்டை பாசஞ்சர். இடது பக்கத்து ஜன்னல் முக்கியம், பொதிகை மலை அந்தப் பக்கம்தான் கூடவே வரும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று நின்று நின்று போகிற ரயிலில் அவசரக்காரனுக்கு இடமில்லை. கார் நெல் நடவு நடந்துகொண்டிருந்தால் வயலுக்குள் குனிந்த முதுகுகள், மேலே மலையில் உட்கார்ந்திருக்கிற மேகம். பாவூர்சத்திரம் தாண்டும்போதே காற்று மாறிவிடும். தென்காசியில் இறங்கிக் குற்றாலத்துக்கு பஸ். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகி, குற்றாலமும் அதோடு போய்விட்டது. காகிதத்தில் போகட்டும். சாரல் அடித்தால் அது எங்கள் ஊர்தான்.

மெயினருவியில் கூட்டம் இருந்தால் ஐந்தருவி, அங்கேயும் இருந்தால் பழைய குற்றாலம். எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சியிடம் முதுகைக் கொடுத்துவிட்டு அருவிக்குள் போய் நின்றால், தண்ணீர் தலையில் தட்டித் தட்டி மனுஷனைப் புதுசாக அடித்து எடுத்துவிடும். பிரச்சினை அதற்குப் பிறகுதான். அருவிக் குளியலுக்குப் பின்னால் வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. ரோட்டோரத்தில் மங்குஸ்தானைக் கையால் அமுக்கிப் பிளந்து அந்த வெள்ளைச் சுளையை வாயில் போட்டால் பசி இன்னும் கூடும். நியாயமாக அங்கேயே நிறுத்திவிட்டு ரயிலேறியிருக்க வேண்டும்.

நிறுத்தினீங்களா?

பிரானூர் பக்கத்தில்தானே இருக்கிறது.

எத்தனை?

ஆறு. அங்கே புரோட்டா சின்னதாக, மொறுமொறுப்பாக இருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். விதியில் எண்ணிக்கை பற்றி ஒன்றும் இல்லை. இதை வீட்டில் சொன்னபோது, "விதியை எழுதுனவருதானே ஓட்டையையும் வைப்பாரு" என்றாள் என் மனைவி. அவள் அந்தப் பயணத்துக்கு வரவில்லை. வாக்கிங் கூட்டாளிகளோடு போயிருந்தேன்.

வாக்கிங் போயிட்டு வடை சாப்பிடுறீங்களே, அதுவும் விதிப்படிதானா?

இது நேர்மையான கேள்வி. வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிறோம். நடை முடிந்ததும் ஒரு டீக்கடை. எண்ணெய்ச் சட்டியில் உளுந்த வடை மிதக்கும். செய்கிற இடம், நின்ற இடம், நடந்து வந்த இடம். மூன்று பொருத்தமும் இருக்கிறதே என்று ஒரு மாதம் தினமும் இரண்டு தின்றேன். நடப்பதற்கு முன்னால் இருந்த எடையைவிட நடந்த பிறகு ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. எங்கள் கூட்டத்தில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். "நடக்காம வீட்டுலயே படுத்துக் கெடந்தா மெலிஞ்சுருப்பேரு வே" என்றார்.

அன்றைக்கு விதியில் ஒரு திருத்தம் சேர்த்தேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய எதுவும் செல்லாது. பயணம் என்றால் பயணமாக இருக்க வேண்டும். டவுனுக்கு முழுக்க பஸ்ஸிலேயே போனால் அல்வாவும் செல்லாது. கொக்கிரகுளத்தில் இறங்குகிற ரகசியம் இதுதான்.

வீட்டுல என்னதான் சாப்பிடுறீங்க? பட்டினியா?

பட்டினி கிடக்கிற ஆளா நான்? ஊர்ப் பலகாரத்தை ஊருக்கே விட்டுவிட்டதில் வீட்டுச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினேன். வாரத்துக்கு ஒரு நாள் உளுந்தஞ்சோறு. தொலி உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசியோடு சேர்த்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் போட்டுப் பொங்குவது. தொட்டுக்க எள்ளுத் துவையல். தொலி உளுந்து என்பது முக்கியம், தோலை நீக்கிய வெள்ளை உளுந்தில் செய்தால் நிறமும் இல்லை, ருசியும் இல்லை. பருப்பும் அரிசியும் சேர்வதால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். ஆனால் எள்ளுத் துவையலில் நல்லெண்ணெயைக் குழித்து ஊற்றிக்கொண்டு "எனக்கு இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டினால் எந்த உளுந்தும் காப்பாற்றாது.

கூட்டாஞ்சோறு இன்னொரு நாள். அதில் முருங்கைக்கீரையை இரண்டு கை கூடப் போடச் சொல்லியிருக்கிறேன். மற்ற நாள்களில் சோற்றைக் குறைத்து வெஞ்சனத்தைக் கூட்டியிருக்கிறோம். அவியல், பொரியல், கீரை. முன்பு இலையில் சோறு மலையாகவும் வெஞ்சனம் மலையடிவாரத்து ஊர் மாதிரியும் இருக்கும். இப்போது ஊர் பெருத்து மலை சிறுத்துவிட்டது. டாக்டர் சொன்னதில் நான் ஒழுங்காகக் கேட்டது இது ஒன்றுதான். வேலை செய்வதும் இதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

கல்யாண வீட்டுச் சொதிக்கு என்ன விதி?

மறுவீட்டுச் சொதிக்கு விதி கிடையாது. தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று எடுத்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றி இறக்குகிற பொருளின் முன்னால் நின்று நான் சட்டம் பேசினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? தேங்காய்ப்பால் மந்தம் கொடுக்கும் என்றுதான் கூடவே இஞ்சித் துவையல் வைக்கிறார்கள். பெரியவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று சொல்லி இரண்டு தடவை வாங்கிக்கொள்வேன்.

சிக்கல் வந்தது மைனியால். கிளம்பும்போது தூக்குவாளி நிறையச் சொதியை நீட்டினாள். "பார்சல் வாங்க மாட்டேன் மைனி" என்றேன். "இது பார்சலா? தூக்குவாளி" என்றாள். வாங்காவிட்டால் அடுத்த பத்து வருஷத்துக்கு அது பேச்சாக இருக்கும். வாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

மகளுக்குக்கூட வாங்கிட்டுப் போக மாட்டீங்களா?

மகள் சென்னையில் இருக்கிறாள். "எனக்கு மட்டும் விதிவிலக்குப்பா" என்று போனில் கெஞ்சினாள். சரி, அடுத்தவர்களுக்கு வாங்கலாம் என்று ஒரு துணைவிதி போட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸ் கோவில்பட்டியில் நின்றபோது கடலை மிட்டாய் வாங்கினேன். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, கைக்கு அடக்கமான பாக்கெட். தரம் பார்க்க ஒன்று பிரித்தேன். விருதுநகர் வருவதற்குள் பாக்கெட் காலி. கோவில்பட்டியில் வாங்கியதை ரயிலிலேயே தின்றது விதிப்படி சரியா என்று ஒரு நண்பர் ராகம் போட்டு வாதாடினார். செய்கிற ஊரைத் தாண்டிவிட்டதால் தப்புதான். துணைவிதியை அன்றே ரத்து செய்தேன்.

இப்போது 2023-இல் வந்த வந்தே பாரத்தில் போகிறேன். பகல் பயணம். சீட்டுக்கே சாப்பாடு வந்துவிடும். பிளாட்பாரத்தில் இறங்கிப் பராக்குப் பார்க்க நேரமில்லை. உடம்புக்கு நல்லது, மனசுக்குச் சப்பென்று இருக்கிறது.

கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை எப்படி நின்ன இடத்துல திங்கிறது?

இதைக் கேட்ட ஆபீஸ் தம்பி ரொம்பப் புத்திசாலி, எதிர்காலம் இருக்கிறது. அப்பளம் இந்த விதியில் மாட்டாது. பொரிக்காமலோ சுடாமலோ தின்ன முடியாது, எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பாசஞ்சரில் ஏறவும் முடியாது. அப்பளம் பலகாரம் இல்லை, மளிகை என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். வீட்டில் சுட்டுத் தின்கிறோம்.

சரி, இப்போ சுகர் எவ்வளவு?

போன மாதம் 107. இன்னும் பார்டர்தான், ஆனால் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறேன். "என்ன சார் பண்றீங்க?" என்று டாக்டர் சந்தோஷமாகக் கேட்டார். குற்றாலம், திசையன்விளை என்று சொல்ல ஆரம்பித்தேன். "வாக்கிங்னு எழுதிக்கிடுறேன்" என்றார்.

நாலு ஊரு சுத்தி நின்ன எடத்துல நின்னு தின்னுட்டு வாரீங்க. பார்சலும் கெடையாதுங்கீங்க. ஒன்றரை வருசமா இந்த வீட்டுல அல்வாவைக் கண்ணால பார்க்காத ஆளு ஒண்ணு இருக்கே, அதுக்கு என்ன விதி?

இந்தக் கேள்வி என் கையெழுத்தில் இல்லை. மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய் வருவதற்குள் காகிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறது. சர்க்கரை பார்டரில் இருந்தது எனக்கு மட்டும்தான். அவளுக்கு எப்போதும் தொண்ணூறு.

சனிக்கிழமை செங்கோட்டை பாசஞ்சருக்கு இரண்டு டிக்கெட். இடது பக்கத்து ஜன்னல் அவளுக்கு.